இருநூற்று ஏழாம் எண்

ஒரு பெண்ணை முழு மூச்சையும் ஊதவைப்பது பார்ப்பவர்கள் நினைக்கிற மாதிரி லேசான வேலை அல்ல. நுரையீரல் சோதிக்கும் கருவியின் குழாயை வாயில் கொடுத்து ‘ஊதுங்க’ என்றால் எல்லாரும் ஊதுவார்கள்; கன்னத்தை உப்பிக்கொண்டு, வெட்கத்தோடு, பாதி மூச்சைத் தங்களுக்கே வைத்துக்கொண்டு. அந்த அளவை எழுதி அனுப்பினால் சிவகாசிப் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு நுரையீரலே இல்லை என்று கணினி சொல்லிவிடும். எங்கள் ஆய்வுத் திட்டத்தின் முதல் மூன்று மாதத்து அளவுகள் அப்படித்தான் வீணாய்ப் போயின. பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். “உங்க போர்மேன் மேல இருக்கிற கோவத்தையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு ஒரே மூச்சா ஊதுங்க” என்பேன். கருவியே அசந்துபோகும்.

பெருமையடிக்க இதைச் சொல்லவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பெண்களின் மூச்சை அளந்தவள் நான் ஒருத்திதான் என்பது எந்தத் தாளிலும் பதிவாகவில்லை. நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதித் தரும்படி பல்கலைக்கழக விசாரணைக் குழு கேட்டிருக்கிறது. இங்கேயாவது பதிவாகட்டும் என்று முதலிலேயே எழுதுகிறேன்.

என் பெயர் இசைவாணி. வயது முப்பத்தெட்டு. ஆமத்தூரில் பிறந்தவள். செவிலியர் படிப்பு முடித்து ஆறு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். அதன்பிறகு பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படித்து, இந்த முனைவர் பட்ட ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தேன். பட்டாசுத் தொழிலாளர்களுக்கு என்னென்ன நோய் வருகிறது என்பதுதான் திட்டத்தின் பொருள். அந்த வருடம் நான்கு பேர் சேர்ந்தோம். புள்ளிவிவரத்தில் புலியான ஹரிபிரசாத் இன்று ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருக்கிறான். காளீஸ்வரன் சென்னையில் சுகாதாரத் துறை அதிகாரி. என்னை எதிரே பார்த்தால் இப்போதும் எழுந்து நிற்பான், நல்ல பிள்ளை. ஸ்ரீமதி மேலாய்வுக்கு ஸ்வீடன் போக விசா வாங்கி வைத்திருந்தாள். ‘எங்கள் மாணவர்கள் இன்று எங்கே’ என்று திட்டத்தின் இணையதளத்தில் ஒரு பக்கம் உண்டு, பார்த்திருப்பீர்கள். மூன்று பேருடைய படமும் அதில் இருக்கிறது. என் படம் வேறொரு பக்கத்தில், ‘களப்பணியாளர்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே, வேன் டிரைவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் இருக்கிறது. அதில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். வேறு படம் எடுக்க யாருக்கும் நேரமில்லை.

ஸ்ரீமதியைப் பற்றித் தப்பாக எதுவும் எழுத மாட்டேன். அவள் விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். என்னைவிட எட்டு வயது சின்னவள். முதல் வருடம் காரில்தான் வந்து இறங்குவாள். கார் நின்றால் தொழிலாளர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று சொன்னேன். மறுநாளிலிருந்து என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். என் அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை வீட்டுக்குத் தெரியாமல் சாப்பிட்டாள். அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தபோது, என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் ஆஸ்பத்திரியில் அவர்கூட இருந்திருக்கிறாள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. இவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. ஒருநாள் வெம்பக்கோட்டை அணைக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேசி வைத்தது. மூச்சு அளவுகள் என் ஆய்வேட்டுக்கு. ரத்தமும் சளியும் அவளுடையதற்கு. யார் சேகரித்தாலும் அப்படித்தான். வழிகாட்டிப் பேராசிரியர் ராஜபாண்டியன் சாரும் அதற்குத் தலையாட்டினார். நாலாவது வருடம் என் உதவித்தொகை முடிந்தது. அப்பா அப்போதும் படுக்கையில்தான் இருந்தார். “பதிவ ஒரு வருஷம் நிறுத்தி வைம்மா. களப்பணிக்குச் சம்பளத்துல இரு. ஒன் பகுதி ஒனக்குத்தான், எங்க ஓடியா போகப் போகுது” என்றார் சார். நம்பி இருந்தேன். ஒரு வருடம் இரண்டாகி, அப்பா போய்ச் சேர்ந்து, நான் திரும்பிப் போய்க் கேட்டபோது பதிவு காலாவதியாகிவிட்டது என்றார்கள். என் பகுதி எங்கேயும் ஓடிப் போகவில்லைதான். பக்கத்து மேசைக்குப் போயிருந்தது.

போன ஏப்ரலில் கட்டுரை வெளிவந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பெண்களின் மூச்சு அளவுகள், நல்ல பத்திரிகை, முதல் பெயர் ஸ்ரீமதி, கடைசிப் பெயர் ராஜபாண்டியன். என் பெயர் எல்லாவற்றுக்கும் கீழே, பொடி எழுத்தில், ‘களத்தில் உதவியதற்கு நன்றி’ என்ற வரியில், எங்களுக்கு அறை கொடுத்த பஞ்சாயத்து அலுவலகத்துக்கு அடுத்ததாக இருந்தது. அன்று அவள் பால்கோவா வாங்கி வந்திருந்தாள்.

“இசைக்கா, ஒங்க பேரப் போடணும்னு எம்புட்டோ சொன்னேன். பதிவு இல்லாதவுக பேரப் போட முடியாதுன்னு சார் சொல்லிட்டாக. நான் என்ன செய்ய?”

“நல்லா வந்திருக்கும்மா” என்றேன். பால்கோவாவையும் சாப்பிட்டேன். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சாப்பிடும்போது கறிவேப்பிலையை எடுத்து ஓரமாகப் போடுவார்களே, அப்படி இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அன்றைய சளி டப்பாக்களுக்கு எண் ஒட்டினேன்.

இப்போது பெயர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் மீதி புரியாது.

எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகள் சிலவற்றில், வருகைப் பதிவில் இருக்கும் பெயர் ஒன்று, வேலைக்கு வருகிற ஆள் வேறு. ஒருத்திக்கு இ.எஸ்.ஐ. அட்டையும் பி.எஃப். எண்ணும் இருக்கும். பிள்ளை பெற்றோ, இடுப்பு ஒடிந்தோ அவள் வீட்டில் உட்கார்ந்தால், இடம் போய்விடக் கூடாது என்று நாத்தனாரோ கொழுந்தியாளோ அவள் பெயரிலேயே வேனில் ஏறிவிடுவாள். போர்மேன் ‘கற்பகம்’ என்று கூப்பிட்டால் சுப்புத்தாய் ‘இருக்கேன்’ என்பாள். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. பேசினால் இரண்டு பேருக்கும் வேலை போகும். நாங்கள் சோதனைக்குப் போனபோதும் அவர்கள் கம்பெனிப் பெயரைத்தான் கொடுத்தார்கள். கூச்சம் விட்டு என்னிடம் மட்டும் உண்மைப் பெயரைச் சொன்னவர்கள் ஒன்பது பேர். முதல் வருடமே இதைச் சாரிடம் சொன்னேன். “பதிவேட்டுல கம்பெனிப் பேரே இருக்கட்டும், நீ தனியாக் குறிச்சு வச்சுக்கோ” என்றார். அப்போது ஸ்ரீமதியும் அறையில் இருந்தாள். கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒன்பது பெயர்களும் என் குறிப்பு நோட்டில் இருக்கின்றன. நோட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்த முப்பத்தோரு பேரிடம் மே மாதம் சளி எடுத்தேன். சோதனைக்கூடத்துக்கு எண் மட்டும்தான் போகும், பெயர் போகாது. ஜூன் பதினேழாம் தேதி முடிவு வந்தது. நான்கு பேருக்குக் காசநோய். அதில் மூன்று பேரை இரண்டே நாளில் நான்தான் தேடிப் பிடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் மாத்திரை ஆரம்பிக்க வைத்தேன். மூவரும் இன்று நன்றாக இருக்கிறார்கள். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று எழுதப் போகிறவர்கள் அந்த மூன்று பேரையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

நாலாவது எண் இருநூற்று ஏழு. பதிவேட்டில் கற்பகம், வெம்பக்கோட்டை என்று இருந்தது. என் நோட்டில் சுப்புத்தாய், விஸ்வநத்தம் என்று இருந்தது. மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். ஸ்ரீமதி பதிவேட்டைப் பார்த்துவிட்டு, “இசைக்கா, நீங்க படுத்திருங்க, இத நானே போய்ப் பாத்துட்டு வாரேன்” என்று கிளம்பிப் போனாள். இதில் என் திட்டம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கார் வீட்டுவாசலில் நின்றதும் கற்பகம் பயந்துவிட்டாள். கம்பெனியிலிருந்து ஆள்மாறாட்டம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, “ஆமா, நாந்தான் சளி குடுத்தேன், நாந்தான் வேலைக்குப் போறேன்” என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள். வேறு எந்த ஊரிலும் ஒரு பெண் அடுத்தவளுடைய நோயைத் தன்னுடையது என்று வாங்கிக்கொள்ள மாட்டாள். ஸ்ரீமதி மறுபடியும் சளி எடுத்துச் சோதிக்கக் கொடுத்தாள். கிருமி இல்லை என்று வந்தது. இல்லாதவளிடம் எப்படி இருக்கும்?

ஜூலை முதல் வாரம் எனக்கு ஃபோன் செய்தாள். “இசைக்கா, இருநூத்தி ஏழு ரெண்டாவது டெஸ்ட்டுல நெகட்டிவ். மொதல்ல வந்தது சோதனைக்கூடத்துத் தப்புன்னு எழுதிரட்டா? நீங்க சொன்னாத்தான் எழுதுவேன்.”

காய்ச்சல் விட்டிருந்தது, தலை தெளிவாக இருந்தது. “எழுது” என்றேன்.

நான் செய்தது அந்த ஒரு வார்த்தைதான். அவள் எழுதினாள். ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தில், ‘ஒரு தவறான முடிவு மறுசோதனையில் சரிசெய்யப்பட்டது, நோயுள்ள அனைவரும் கண்டறியப்பட்டுச் சிகிச்சை பெற்றனர்’ என்று அழகாக எழுதினாள். என் மூச்சு அளவுகள் நான்காம் அத்தியாயம். என்னுடையதை எடுத்து அவள் கட்டிய வீட்டில், பக்கத்து அறையில் ஒரு பொய் இருந்தது. அது எனக்கு மட்டுமே தெரியும். அப்போது மனம் எப்படி இருந்தது என்று கேட்டால், நிம்மதியாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு பொதுவில் நடப்பது உங்களுக்குத் தெரியும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், கேள்வி கேட்கலாம். தேர்வு ஆகஸ்ட் கடைசியில் என்று பேச்சு. எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று முடிவு செய்தேன்: இருநூற்று ஏழு யார்? கேட்டுவிட்டுச் சுப்புத்தாயையும் புதுச் சோதனை முடிவையும் முன்னால் நிறுத்த வேண்டும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. மாத்திரை ஆரம்பித்தால் இரண்டு மாதத்தில் சளியில் கிருமி மறைந்துவிடும். மறைந்துவிட்டால் என் நோட்டும் என் வாயும்தான் சாட்சி. களத்தில் உதவியவளுடைய வாய்க்கு அந்த அரங்கில் என்ன மதிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஆகஸ்ட் வரைக்கும் சுப்புத்தாய்க்குக் கிருமி இருக்க வேண்டியிருந்தது. ஏழு வாரம்தான். காசநோயில் ஏழு வாரம் பெரிய காலம் அல்ல, எங்கள் நாட்டில் சராசரி நோயாளி அதைவிடத் தாமதமாகத்தான் டாக்டரிடம் போகிறார்.

சுப்புத்தாய்க்கு இருபத்தொன்பது வயது. சரம் பின்னுகிற வேலை. புருஷன் மாரிசாமி லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை, அனுப்பிரியா. சுப்புத்தாய் அதிகம் சிரிக்கிறவள். மூச்சுக் கருவியில் ஊதச் சொன்னபோது, “யக்கா, போர்மேன் மேல கோவம் பத்தாது, மாமியாவயும் சேத்துக்கிடவா?” என்று கேட்டவள் அவள்தான். கற்பகம் வீட்டுக்குக் கார் வந்துபோன கதை அவள் காதுக்கும் போயிருந்தது.

“மதினிகிட்ட வந்து சளி வாங்கிட்டுப் போனாகளாம்ல? எனக்கு என்னமும் இருக்கா யக்கா?”

“ஒண்ணுமில்ல. ஒரு தடவ சரிபாத்தாக. நல்லாத்தான் இருக்குன்னு வந்திருக்கு” என்றேன். அது முழுப் பொய் அல்ல. கற்பகத்தின் சளி நன்றாகத்தான் இருந்தது.

தேர்வு ஆகஸ்டில் நடக்கவில்லை. வெளியூர்த் தேர்வாளருக்குத் தேதி ஒத்துவரவில்லை. நவம்பர் என்றார்கள். அது என் கையில் இல்லை. ராஜபாண்டியன் சார் கொஞ்சம் முனைந்திருந்தால் ஆகஸ்டிலேயே முடித்திருக்கலாம். இதையும் குழு விசாரிக்க வேண்டும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விஸ்வநத்தம் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், போனேன். முட்டையும் பேரீச்சம்பழமும் வாங்கிப் போனேன். இருமல் மருந்து கொடுத்தேன். பிள்ளையைத் தனியாகப் படுக்கவைக்கச் சொன்னேன், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன். ஆனால் அது ஒற்றை அறை வீடு. எடைப் பொறியைப் பையில் கொண்டுபோய் எடை பார்த்து நோட்டில் எழுதினேன். ஜூலையில் நாற்பத்து மூன்று கிலோ. செப்டம்பரில் முப்பத்தொன்பது. தீபாவளிக்கு முந்தின வாரம் முப்பத்தாறு. தேதி தவறாமல் இருக்கிறது, பாருங்கள். களப்பணியில் ஒழுங்கு முக்கியம் என்று ஸ்ரீமதிக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அக்டோபரில் ஒருநாள் மாரிசாமி மதுரைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாகக் கிளம்பிவிட்டார். பை கட்டி, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டாகிவிட்டது. நல்லவேளையாக நான் போய்ச் சேர்ந்தேன்.

“இம்புட்டுக் காசச் செலவழிச்சு எங்க போறீக? நான் நர்ஸுதான? பட்டாசு மருந்துப் பொடி ஒத்துக்கல. சீசன் முடியட்டும், ரெண்டு மாசம் வீட்டுல இருந்தாச் சரியாயிரும்” என்றேன்.

மாரிசாமி சுப்புத்தாயைப் பார்த்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். “நாந்தான் சொன்னேன்ல? யக்கா வந்து பாக்கட்டும்னு. அவுகளுக்குத் தெரியாததா?” என்றாள்.

பையைப் பிரித்துவிட்டார்கள். எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் அவளால் தர முடிந்தது. அன்று வண்டியில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு அவளைப் பிடிக்கும். அந்தத் திட்டத்தில் இருந்த இத்தனை படித்தவர்களில் ஒருவர்கூட என்னைப் பார்த்து ‘அவுகளுக்குத் தெரியாததா’ என்று சொன்னதில்லை.

நவம்பர் டிசம்பர் ஆயிற்று. இரண்டாவது வியாழக்கிழமை காலை பத்தரை மணி என்று அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தின ஞாயிறு சுப்புத்தாயிடம் மறுபடியும் சளி எடுத்து, இந்த முறை அவளுடைய சொந்தப் பெயரிலேயே ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் கொடுத்தேன். கிருமி நிறைய இருந்தது. வியாழன் மதியமே மாத்திரை ஆரம்பிக்க ஏற்பாடு செய்துவிட்டேன், சுகாதார நிலையத்தில் சொல்லியும் வைத்துவிட்டேன். விசாரித்துக்கொள்ளலாம். அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருந்தால் அதை ஏன் செய்யப் போகிறேன்? ஆட்டோவுக்கும் சொல்லியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது சுப்புத்தாய்க்கு இருமலில் ரத்தம் வந்தது. நிற்கவில்லை. வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. மாரிசாமி முதலில் கூப்பிட்டது என்னைத்தான். புதன்கிழமை எடுத்தார்கள். நான் கடைசிவரை நின்றேன். பட்டாசுப் பொடியில் வேலை பார்த்த நெஞ்சு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் எதுவும் சொல்லவில்லை.

தேர்வுக்குப் போகாமல் இருந்திருக்கலாமே என்று உங்களில் ஒருவர் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அவள் போன பிறகு நான் கேட்க வேண்டிய கேள்வி முன்னைவிட முக்கியமாகிவிட்டது அல்லவா?

ஸ்ரீமதி நன்றாகத்தான் பேசினாள். மயில் கழுத்து நிறப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். நான்காம் அத்தியாயம் வந்தபோது என்னைப் பார்த்து, “இந்த அளவுகளையெல்லாம் எடுத்தது எங்க இசைக்கா” என்றாள். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கேள்வி நேரத்தில் எழுந்தேன். இருநூற்று ஏழாம் எண் கற்பகம் அல்ல, விஸ்வநத்தம் சுப்புத்தாய் என்றேன். ஐந்தாம் அத்தியாயம் தவறு என்றேன். சோதனை முடிவை மேசைமேல் வைத்தேன். ராஜபாண்டியன் சார் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். எட்டு வருடத்தில் அந்த அரங்கு முதல்முறையாக நான் பேசுவதைக் கேட்டது.

ஸ்ரீமதி தாளை எடுத்துப் படித்தாள். தன் பட்டம் போகிறதே என்று பதறுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தாளை வைத்துவிட்டு, “இசைக்கா, அவுகளுக்கு மாத்திர ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டாள்.

கேள்விக்குக் கேள்வி பதிலாகாது. ஆனாலும் கேட்டதற்குச் சொன்னேன். “முந்தாநாள் எறந்துட்டா.”

“ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“ஜூன் பதினேழு.”

அவள் மேடையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் அத்தோடு கலைந்தது. என் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

ஸ்ரீமதி என் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் பத்திரிகைக்குத் திருத்தம் எழுதியிருந்தாள், என் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லித் துணைவேந்தருக்கு மனு கொடுத்திருந்தாள், அக்டோபரிலேயே அது ஏற்கப்பட்டுத் துறை அலுவலகத்தில் கையெழுத்துக்குக் கிடந்தது என்றெல்லாம் உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒருவரிடம் சொல்ல வேண்டியதை நேரத்தில் சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய துரோகம் என்பதை அந்த அலுவலகம் உணர வேண்டும்.

நீங்கள் கேட்டபடி சுருக்கமாகவும் எழுதிவிடுகிறேன். சுப்புத்தாய்க்குக் காசநோய் என்பது எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அவளிடம் மறைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்தேன். மாத்திரை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாள். வேண்டுமென்றேதான் செய்தேன். யாருடைய தூண்டுதலும் இல்லை.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. குழந்தை அனுப்பிரியாவுக்கும் நோய் தொற்றியிருக்கிறது. ஸ்ரீமதி சுகாதார நிலைய ஆட்களோடு போய்ச் சோதித்து, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மாத்திரைகளை மாரிசாமியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். விசாரணை முடியும்வரை என்னைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லக்கூடாது என்பது உங்கள் உத்தரவு என்பதால், அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அன்றே எனக்கு ஃபோன் செய்தார். “யக்கா, ஸ்ரீமதிம்மா என்னமோ மாத்திர குடுத்துட்டுப் போயிருக்காக. ஆறு மாசம் குடுக்கணுமாம். பிள்ளைக்கும் ஒண்ணுமில்லேன்னு நீங்கதான சொன்னீக? நீங்க சொல்லாம நான் குடுக்க மாட்டேன். குடுக்கவா, வேணாமா?”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அது ஒன்பது நாளைக்கு முன்னால். மாத்திரை அட்டை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறதாம். இதை எழுத உட்கார்ந்த பிறகும் நான்கு முறை அழைத்துவிட்டார். சுகாதார நிலையத்து ஆட்கள் எத்தனை தடவை போனாலும், ஸ்ரீமதி வாசலில் நின்று கெஞ்சினாலும், அவர் கேட்கப் போவதில்லை. அந்த ஊரில் என் வார்த்தைக்குத்தான் மதிப்பு.

தொழிலாளர் குடும்பங்களோடு நான் பேசக்கூடாது என்றும் நீங்கள்தான் உத்தரவு போட்டிருக்கிறீர்கள். நான் விதியை மீறியவள் என்று ஏற்கனவே பெயர் எடுத்தாயிற்று, மறுபடியும் மீற விரும்பவில்லை. மாரிசாமியிடம் பேச எழுத்தில் அனுமதி கொடுத்தால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தில் என் பெயருக்குக் கீழே ‘களப்பணியாளர்’ என்று போடாமல் ‘ஆய்வாளர்’ என்று போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்படிப் போடாத கடிதம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.